மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்தால் பிராய்டு என்ன சொல்வார்?

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய வியன்னா மருத்துவர் பிராய்டை வைத்துக் கேட்ட கேள்வி இது. "பிராய்டு எழுதினதைக் கொஞ்சம் படிச்சேனுங்க. நாகரிகம்தான் மனுசனோட சந்தோசத்தைக் கெடுக்குது, மதம் வெறும் மாயைன்னு சொல்றாரு. எங்கம்மா சீட்டுப் பணம் போனதுல நாலு மாசமாத் தூங்கல. போன மாசம் ஆனைமலை மாசாணியம்மனுக்குப் போயி மிளகாய் அரைச்சுப் பூசிட்டு வந்தாங்க. அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்குனாங்க. பிராய்டு சொல்றது சரின்னா இதை என்னன்னு எடுத்துக்கறதுங்க?"

முப்பது வருடத்துக்கு மேல் கல்லூரியில் உளவியல் நடத்திவிட்டு இப்போது கோபி பக்கம் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் பதில் கொஞ்சம் வகுப்பு மாதிரி நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். தம்பி கேட்டதில் பின்பாதிதான் நல்ல கேள்வி. ஆனால் முன்பாதியை அப்படியே விட்டுவிட்டுப் பின்பாதிக்குப் போக முடியாது, ஏனென்றால் பிராய்டு அந்த இரண்டையுமே அப்படிச் சொல்லவில்லை.

முதலில் இந்த 'மாயை'. 1927இல் அவர் எழுதிய புத்தகத்தை 'ஒரு மாயையின் எதிர்காலம்' என்று தமிழில் சொல்கிறோம், வம்பே அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. நமக்கு மாயை என்றால் சித்தர் பாட்டும் வேதாந்தமும் காதில் கேட்கும், இல்லாததை இருப்பதாகக் காட்டுவது என்று மனசு போய்விடும். பிராய்டு ஒரு நம்பிக்கை பொய்யா மெய்யா என்று பார்த்து அந்தப் பெயரை வைக்கவில்லை, அது எதிலிருந்து முளைத்தது என்று பார்த்து வைத்தார். ஆசையிலிருந்து முளைத்தால் அது மாயை. ஒரு சாதாரண வீட்டுப் பெண், இளவரசன் வந்து தன்னைக் கட்டிக்கொள்வான் என்று நம்புவதை அவரே உதாரணமாகச் சொல்கிறார். அப்படி எங்கோ சிலருக்கு நடந்தும் இருக்கிறது என்றும் சேர்த்துச் சொல்கிறார். நம் ஊர் உதாரணம் வேண்டுமா, சிட்னியில் இருக்கும் பையன் ஐம்பது வயதில் திரும்பி வந்து தென்னந்தோப்பைப் பார்ப்பான் என்று ஒரு அப்பா சொட்டுநீர்க் குழாயை மாற்றிக்கொண்டிருக்கிறார் பாருங்கள், அது. பையன் வரலாம். வந்தாலும் அந்த நம்பிக்கை பிறந்தது ஆதாரத்தில் இல்லை, ஆசையில். சரி, இதைச் சொல்வதால் பிராய்டு மதத்துக்கு நல்லவர் என்று நினைத்துவிட வேண்டாம். மனித குலம் முழுவதையும் பிடித்த ஒரு மனநோய் போல அவர் மதத்தை வர்ணித்த இடமும் அதே புத்தகத்தில் இருக்கிறது, ஆள் தயக்கமே இல்லாத நாத்திகர். ஆனால் அவருடைய நெருங்கிய நண்பர்களில் ஒருவரான ஆஸ்கர் ஃபிஸ்டர் சுவிட்சர்லாந்தில் ஒரு பாதிரியார்! அவர் அடுத்த வருடமே தலைப்பைத் திருப்பிப் போட்டு 'ஓர் எதிர்காலத்தின் மாயை' என்று மறுப்பு எழுதினார், நட்பு அறுந்துபோகவில்லை. இன்றைக்கு வாட்ஸ்அப் குடும்பக் குரூப்பில் இதில் கால்வாசி சண்டை நடந்தாலே ஆள் வெளியே போய்விடுகிறார்கள்.

அடுத்தது நாகரிகம். 1929 கோடையில் எழுதி, 1930 என்று தேதி போட்டு வந்த 'நாகரிகமும் அதன் அதிருப்திகளும்' என்ற புத்தகம். எழுதும்போது பிராய்டுக்கு 73 வயது. 1923லிருந்து தாடையில் புற்றுநோய், வெட்டியெடுத்த இடத்தில் செயற்கை அண்ணம் மாட்டிக்கொண்டு பேசுவதற்கும் சாப்பிடுவதற்கும் சிரமப்பட்ட மனிதர். முதலில் தலைப்பில் 'துயரம்' என்று பொருள்படும் சொல்லைத்தான் வைத்திருந்தார், பிறகு அதை எடுத்துவிட்டு 'உன்பெஹாகன்' என்று ஒரு ஜெர்மன் சொல்லைப் போட்டார். அதிருப்தி என்று தமிழில் எழுதுகிறார்கள், எனக்கு அந்தத் தமிழ் ஒட்டவில்லை. அதற்குச் சரியான சொல் எங்கள் பக்கத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்கே வலிக்கிறது என்று கேட்டால் இடம் காட்டத் தெரியாமல் "என்னமோ ஒரு மாதிரியா இருக்குதுங்" என்பார்களே, அதேதான். வியாதி இல்லை, துக்கமும் இல்லை, ஒரு மாதிரியாக இருப்பது.

மனிதன் சந்தோசமாக இருக்க வேண்டும் என்பது படைப்பின் திட்டத்திலேயே இல்லை என்று அந்தப் புத்தகத்தில் ஒரு இடத்தில் கசப்பாக எழுதுகிறார். துன்பம் மூன்று வழியில் வருகிறது: தேய்ந்து போகப்போகிற நம் உடம்பு, வெள்ளம் வறட்சி என்று வெளியே இருக்கும் இயற்கை, மூன்றாவது சக மனிதர்கள். மூன்றிலும் மனிதர்களால் வருவதுதான் அதிகம் வலிக்கும் என்கிறார். சீட்டுப் பணத்தில் ஏமாந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தப்பிக்கும் வழிகள் என்று குடி, கலை, காதல், வேலை, துறவு, மதம் எல்லாவற்றையும் எடுத்து ஒவ்வொன்றிலும் என்ன ஓட்டை என்று காட்டிக்கொண்டே போகிறார். அந்தப் பட்டியலை இங்கே விட்டுவிடுகிறேன்.

நான் வகுப்பில் எப்போதும் நின்றுவிடும் பக்கம் ஒன்று உண்டு. நூறு மைல் தாண்டி இருக்கும் பிள்ளையின் குரலைக் கேட்க முடிகிறதே, டெலிபோன் நமக்குச் சந்தோசம்தானே என்று அவரே கேட்டுவிட்டு, அவரே பதிலும் சொல்கிறார்: ரயில் என்று ஒன்று வராமல் இருந்திருந்தால் பிள்ளை ஊரை விட்டே போயிருக்க மாட்டான், அவன் குரலைக் கேட்க டெலிபோனும் தேவைப்பட்டிருக்காது. இந்த மாதிரி சந்தோசம், குளிர்கால ராத்திரியில் வேண்டுமென்றே காலைப் போர்வைக்கு வெளியே நீட்டிவிட்டு மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும் சுகம் போன்றது என்கிறார். மார்கழியில் கயிற்றுக் கட்டிலில் படுத்தவர்களுக்கு அந்தச் சுகம் தெரியும்.

எங்கள் பக்கத்துத் தோட்டத்துச் சாளை வீட்டில் ஒரு பெரியம்மா தனியாக இருக்கிறார். ராத்திரி எட்டரை மணிக்கு டேப்லெட்டைப் பருப்பு டப்பா மேல் சாய்த்து வைத்துவிட்டு எதிரே மணையில் உட்காருவார். அந்தப் பக்கம் மருமகள் சமையலறையில் காலை வெளிச்சம். பேரன் ஓடிவந்து பல் விழுந்த இடத்தைக் காட்டுவான், இவர் "சாப்டியா சாமி, சாப்டியா கண்ணு" என்று அதையே மூன்று தடவை கேட்பார், அவன் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு ஓடிவிடுவான். பேசி முடித்தபிறகு டேப்லெட்டை அணைக்கத் தெரியாமலில்லை, அணைக்க மாட்டார். அதுவாக இருண்டு போகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருப்பார். அந்தப் பையனை இன்ஜினியரிங் படிக்க வைக்க மஞ்சள் விற்ற காசு அத்தனையும் போனது. தப்பா செய்தார்கள்? இல்லையே. பிராய்டும் தப்பு என்று சொல்லவில்லை. நாகரிகத்தை விட்டுவிட்டுக் காட்டுக்குப் போகலாம் என்பவர்களை அவர் ஒத்துக்கொள்வதே இல்லை. கொடுத்து வாங்கிய கணக்கில் கொடுத்த பக்கத்தையும் எழுதுங்கள் என்கிறார், அவ்வளவுதான்.

கணக்கில் பெரிய தொகை எது என்பதற்கு இப்போது வருகிறேன், இதுதான் புத்தகத்தின் நடு எலும்பு. பலபேர் நினைப்பது போல நாகரிகம் காமத்தை அடக்குகிறது என்பதோடு அவர் நிற்கவில்லை. மனிதனுக்குள் அன்பு மாதிரியே ஆத்திரமும் பிறவியிலேயே இருக்கிறது, அடிக்க, அழிக்க, அடுத்தவனை மட்டம் தட்ட ஒரு உந்துதல். சேர்ந்து வாழ வேண்டுமென்றால் அதைக் கட்ட வேண்டும். போலீஸ், கோர்ட், ஊர்ப் பஞ்சாயத்து எல்லாம் வெளியே இருந்து கட்டுகின்றன, ஆனால் அவை போதாது. அதனால் நாகரிகம் ஒரு தந்திரம் செய்கிறது. அடுத்தவன் மேல் போக வேண்டிய ஆத்திரத்தை எடுத்து உன் மேலேயே திருப்பிவிட்டு, அதற்குக் காவலாக உனக்குள்ளேயே ஒரு ஊர்ப்பெரியவரை உட்கார வைத்துவிடுகிறது. அவருக்குத்தான் சூப்பர் ஈகோ என்று பெயர். வெளியே இருக்கும் பெரியவருக்காவது நீங்கள் செய்தது தெரிந்தால்தான் கோபம் வரும். உள்ளே இருப்பவருக்கு நீங்கள் நினைத்தாலே தெரிந்துவிடும். இதில் கொடுமை என்னவென்றால், ஒழுங்காக இருக்க இருக்க அவர் மெச்சிக்கொண்டு சும்மா இருப்பதில்லை, இன்னும் கடுமையாகிறார். தன்னைப் பாவி என்று அதிகம் திட்டிக்கொண்டவர்கள் மகான்கள்தான் என்று பிராய்டு சொல்கிறார், தேவாரம் திருவாசகம் படித்தவர்களுக்கு இது புதிதில்லை.

எங்கள் மாமா ஒருவரை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். எழுபத்து நாலு வயது. கிணறு வெட்டி, அது வற்றி, போர் போட்டு, அதுவும் வற்றி, மறுபடி போட்டு, கரும்பும் மஞ்சளும் வைத்து இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். பையன் கோயமுத்தூரில் வீடு கட்டி, முன்னால் ஒரு ஈஸிசேரும் போட்டுக் கொடுத்துவிட்டான். போய்ப் பார்த்தேன். பத்து நிமிடம் உட்கார்ந்தார், எழுந்து காம்பவுண்டு ஓரமாகப் போய் சிமெண்டு இடுக்கில் முளைத்த புல்லைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டார். ஏன் மாமா, உட்காருங்களேன் என்றால், "சும்மா உக்காந்தா குத்தம் பண்ணுன மாதிரி இருக்குதுங் மாப்ள" என்றார். யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லப்போவதில்லை. வெயில் ஏறுகிற வரைக்கும் படுத்திருந்தால் சாட்டையை எடுக்கிற அவருடைய ஐயன் (அப்பா) செத்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. செத்தவர் எங்கே போனார், உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். கொங்கு நாட்டு உழைப்பு என்று நாம் மேடையில் பெருமையாகப் பேசுகிறோமே, அதில் ஒரு பங்கு இந்தக் குற்ற உணர்வு என்பது என் எண்ணம். இப்படிச் சொன்னதற்கு ஒரு கல்யாண வீட்டில் பாதிச் சாப்பாட்டில் என்னோடு சண்டைக்கு வந்தார்கள்.

இதே இடத்தில் பிராய்டு போகிற போக்கில் ஒன்று சொல்வார், தம்பியின் கேள்விக்குச் சாவி அதில்தான் இருக்கிறது. கெட்டது நடந்தால் நாகரிக மனிதன், நான் என்ன பாவம் செய்தேன் என்று தன்னையே அடித்துக்கொள்கிறான். பழங்குடி மனிதனோ தன் மேல் பழி போட்டுக்கொள்வதில்லை, வேலையை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று தன் சாமியைப் பிடித்து அடிக்கிறான் என்கிறார். 'பழங்குடி' என்று அவர் எங்கோ தூரத்தில் இருப்பவர்களைச் சொன்னார். நம் ஊரில் கேளுங்கள், நாகரிகமாக பி.ஏ. படித்தவர்களே அம்மன் முன்னால் நின்று "உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று சத்தம் போடுவார்கள். மழை இல்லாத வருடங்களில் வைக்கோலில் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்துப் போய், பெண்கள் மாரடித்து அழுது, ஊருக்கு வெளியே கொளுத்துவார்கள். ஊரில் யாரோ பாவம் செய்ததால்தான் மழை இல்லை என்கிற குற்ற உணர்வு முழுவதையும் ஒரு வைக்கோல் பொம்மை மேல் ஏற்றி எரித்துவிட்டு வீட்டுக்கு வந்து குளித்துவிடுவது. பிராய்டு இதை நேரில் பார்த்திருந்தால் இன்னும் இரண்டு அத்தியாயம் எழுதியிருப்பார்.

இப்போது மாசாணிக்கு வருவோம். போகாதவர்களுக்காக: ஆனைமலையில் அம்மன் நிற்கவும் இல்லை, உட்காரவும் இல்லை, நீளமாகப் படுத்திருக்கிறாள். ஏமாந்தவர்கள், பொருளைப் பறிகொடுத்தவர்கள், அநியாயம் நடந்தும் கேட்க நாதியில்லாதவர்கள் அங்கே போய் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசி முறையிடுவார்கள். என் அக்கா ஒரு தடவை, வரப்புத் தகராறில் சொந்தக்காரரே பொய்க் கையெழுத்துப் போட்டபோது, போய் அரைத்தாள். நான்தான் கூட்டிப்போனேன், படித்த தம்பி என்ற கூச்சத்தோடு கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டேன். காய்ந்த மிளகாய் கல்லில் நசுங்குகிறபோது வரும் நெடியில் பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் தும்மலும் கண்ணீரும். அழுகிறார்களா நெடியா என்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் மாட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் காற்றுக்கு விரலை நீட்டிக்கொண்டே வந்தாள், கை எரிச்சல் ராத்திரி வரைக்கும் இருந்தது. என்னக்கா வேண்டிக்கிட்டே என்று கேட்டேன். "நாசமாப் போகட்டும்னு சொல்ல வாய் வரல. நல்லா இருக்கட்டும்னும் மனசு வரல. நீயே பாத்துக்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றாள்.

இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. தம்பி, உங்கள் அம்மாவின் தூக்கத்தைக் கெடுத்தது போன பணம் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். ஏமாற்றியவன் மேல் ஆத்திரம் வந்திருக்கும், ஆனால் அவன் சொந்தமாகவோ தெரிந்தவனாகவோ இருப்பான், ஒருத்தன் சாக வேண்டும் என்று நினைப்பதே பாவம் என்று வளர்ந்தவர், அதனால் அந்த ஆத்திரம் போக இடமில்லாமல் அவர் மேலேயே திரும்பியிருக்கும்: "நான்தானே நம்பினேன், எனக்குப் புத்தி எங்கே போச்சு." நாலு மாதமாக ராத்திரி முழுக்க உள்ளே இருக்கும் ஊர்ப்பெரியவர் அவரை நிற்க வைத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கோவிலில் நடந்தது என்ன? கோபப்பட அனுமதி கிடைத்தது, கையால் செய்ய ஒரு வேலை கிடைத்தது, அதுவும் நசுக்குகிற வேலை. தண்டனை கொடுக்கும் பொறுப்பு அவர் கையை விட்டுப் போய்விட்டது. தனி மனிதனின் பலத்தை எடுத்துக்கொண்டு சமூகத்தின் சட்டத்திடம் கொடுப்பதுதான் நாகரிகத்தின் முக்கியமான படி என்று பிராய்டு சொல்கிறார். இங்கே அந்தச் சட்டம் படுத்துக்கொண்டிருக்கிறது, மிளகாய் கேட்கிறது.

அவருடைய கோட்பாடு நம் ஊரில் இடறுகிற இடமும் இதுதான். பிராய்டுக்கு மதம் என்றால் அப்பா. சின்ன வயதில் பயந்தபோது காப்பாற்றிய அப்பாவை வானத்தில் ஏற்றி வைத்ததுதான் கடவுள். யூதக் குடும்பத்தில் பிறந்து வியன்னாவில் கிறிஸ்தவர்கள் நடுவே வாழ்ந்தவருக்கு அது பொருந்தியிருக்கலாம். கொங்கு நாட்டில் பத்து கிலோமீட்டர் நடந்தால் எத்தனை அம்மன்! பண்ணாரி, பாரியூர் கொண்டத்துக் காளி, ஈரோட்டுப் பெரிய மாரி, ஊருக்கு ஊர் எல்லை காக்கிறவள். அப்பாசாமி கணக்கில் இவர்களை எங்கே வைப்பது? அவரே 1913இல், 'குலக்குறியும் விலக்கும்' புத்தகத்தில், இந்தப் பெருந்தாய்த் தெய்வங்களுக்கு என் வரிசையில் எந்த இடம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஒருவேளை தந்தைத் தெய்வங்களுக்கு முன்னாலேயே இவர்கள் இருந்திருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார். அந்த நேர்மைக்காக அவரைப் பிடிக்கும். ஆனால் ஒத்துக்கொண்ட பிறகும் அவர் கோட்பாட்டின் நடுவில் அப்பாதான் இருந்தார். 1927இல் பிரெஞ்சு எழுத்தாளர் ரொமைன் ரோலண்ட் கடிதம் எழுதி, மதத்தின் ஊற்று கரையே தெரியாத கடல் போன்ற ஓர் உணர்வு, அதை விட்டுவிட்டீர்களே என்று கேட்டபோதும், அந்த உணர்வை எனக்குள் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்ப அப்பாவிடமே வந்துவிட்டார். ரோலண்ட் அப்போது ராமகிருஷ்ணர் வரலாறு எழுதும் முனைப்பில் இருந்தவர். எனக்கென்னவோ நம் ஊர்ச் சாமி ரோலண்டின் கடலும் இல்லை, பிராய்டின் அப்பாவும் இல்லை. கடன் வாங்கிக் கொடுத்து, திட்டி, சமாதானமாகி, நேர்ந்துகொண்டு, நேர்ந்ததைத் தள்ளிப்போட்டு நாம் பழகும் ஒரு அம்மா.

கல்கத்தாவில் 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய கிரிந்திரசேகர் போஸ் இதைத்தான் பிராய்டுக்குப் பக்குவமாக எழுதிப் பார்த்தார். ஐரோப்பிய நோயாளிகளிடம் தெரியும் அப்பா பயம் என் நோயாளிகளிடம் அந்த அளவுக்கு இல்லை, பெண்ணாக இருக்கும் ஆசை வெளிப்படையாகவே தெரிகிறது, அம்மா உருவமும் வேறு மாதிரி இருக்கிறது என்றெல்லாம் வாதாடினார். பிராய்டு மரியாதையாகப் பதில் எழுதினார், மாறவில்லை. பிராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்கு, 1931இல், போஸின் சங்கம் தந்தத்தில் ஒரு விஷ்ணு சிலை அனுப்பி வைத்தது. நாத்திகர் அதைத் தன் மேசை மேல் வைத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் சிலை விரிசல் விட, கல்கத்தாவுக்குப் பழகிய சாமிக்கு வியன்னா ஒத்துக்கொள்ளவில்லையோ என்று எழுதி வைத்தாராம்.

கோவிலே போதும், பிராய்டு வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்துப் பக்கத்து மக்கள்தான், ஸ்பெயின்காரரும் போர்ச்சுகல்காரரும் மாதிரி, சின்னச் சின்ன வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு அதிகமாகச் சண்டை போடுவார்கள், ஒரு கூட்டம் உள்ளுக்குள் அன்பாக இருக்க முடிவதே ஆத்திரத்தைக் கொட்ட வெளியே ஆள் இருப்பதால்தான் என்று அவர் எழுதியது நம் ஊர்த் திருவிழா நோம்பிக்கு அப்படியே பொருந்தும். முதல் மரியாதை எந்தக் கூட்டத்துக்கு என்று கோர்ட் வரைக்கும் போன கோவில்கள் உண்டு. அதைவிட மோசம், அதே அம்மன் முன்னால் யார் குண்டம் இறங்கித் தீ மிதிக்கலாம், யார் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்று சாதி போட்ட கோடு. அக்காவின் ஆத்திரத்தை வாங்கிக்கொண்ட அதே கோவில் ஏற்பாடு வேறொருத்தர் மேல் ஊரின் ஆத்திரத்தை வருடம் தவறாமல் இறக்கியும் இருக்கிறது. இதற்குப் பிராய்டை விட எங்கள் ஈரோட்டுப் பெரியாரைத்தான் கேட்க வேண்டும். பிராய்டு மாயையைப் பற்றி எழுதியதற்கு இரண்டு வருடம் முன்னால், 1925இல், 'குடிஅரசு' வந்துவிட்டது. இரண்டு பேருமே நாத்திகர்கள், கேள்வி வேறு. இந்த நம்பிக்கை யாருடைய ஆசை என்றார் பிராய்டு, இதனால் யாருக்கு லாபம், யார் கீழே கிடக்கிறார்கள் என்றார் பெரியார். (சிவன்மலையில் ஒருவர் கனவில் வந்த பொருளை எடுத்து உத்தரவுப் பெட்டியில் வைக்கிறார்களே, அதை வைத்து இரண்டு பேரையும் பேசவிட்டால் நன்றாக இருக்கும், இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

ஆக தம்பி, அம்மாவின் தூக்கம் நிஜம், அதைப் பார்த்து நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை, நான் அக்காவிடமிருந்து தள்ளி நின்ற மாதிரி நிற்கவும் வேண்டாம். மறுபடி தூக்கம் கெட்டால், 'நான்தானே ஏமாந்தேன்' என்று திரும்பத் திரும்பச் சொன்னால், மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, அரசின் மனநல உதவி எண்ணான 14416க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசுவார்கள். அப்புறம் ஒன்று கேட்க மறந்துவிட்டேன், அந்தச் சீட்டு பதிவு செய்ததா, சும்மா கைச்சீட்டா? கைச்சீட்டாக இருந்தாலும் பணம் கொடுத்ததற்கு நோட்டில் எழுதினது, ஜிபே அனுப்பினது, வாட்ஸ்அப்பில் பேசினது எதுவும் அழிக்காமல் எடுத்து வையுங்கள். ஒரு வக்கீலைப் பாருங்கள், மாசாணி கோபித்துக்கொள்ள மாட்டாள்.